சாப்பாட்டு மேசையில் நின்ற டகோட்டா

எங்கள் பக்கத்தில் ஓட்டை வண்டியை டகோட்டா என்பார்கள். தள்ளினால் ஓடும் ஸ்கூட்டர், கதவைக் கயிற்றால் கட்டிய வேன், பாதி வழியில் மூச்சை விடும் வாடகைக் கார், எல்லாமே டகோட்டாதான். அது ஒரு நிஜ விமானத்தின் பெயர் என்று எனக்குத் தெரிந்ததே என் மாப்பிள்ளை அதைச் செய்ய உட்கார்ந்த பிறகுதான். பட்டாளத்துக்குச் சாமானும் சிப்பாய்களும் ஏற்றிக்கொண்டு போன பழைய காலத்து விமானமாம். அதன் பிளாஸ்டிக் பொம்மையை ஒட்டி முடிக்க, கல்யாண வயதில் பெண்ணை வைத்திருக்கும் ஒரு ஆம்பளைக்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

மாப்பிள்ளைக்கு மறைமலை நகரில் வேலை. கார்களுக்குப் பாகம் செய்கிற கம்பெனியில் தரம் பார்ப்பவர். ஒரு பொட்டுக் கீறல் இருந்தால் போதும், பாகத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார். அதே கண்ணை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுகிறார். தோசையின் ஓரம் ஒரு பக்கம் தடித்தால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சுடுகிறவள் என் மகள். அவள் பொறுமைசாலி, என்னைக் கொண்டு பிறக்கவில்லை. நான் அஸ்தினாபுரத்தில் அவர்களோடு இருக்கிறேன். சாப்பிடுவதும் குறை சொல்வதும் என் பொறுப்பு.

விமானம் வந்த கதை இதுதான். என் பேத்திக்குத் தன்னோடு வேலை செய்கிற ஒரு பையனைப் பிடித்துவிட்டது. கோவிலம்பாக்கத்துப் பையன், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள் வீடு. இங்கே கொஞ்ச நாள் அழுகை, கொஞ்ச நாள் யாரும் யாரோடும் பேசாமல் டிவியை மட்டும் பார்த்தது, எல்லாம் முறைப்படி நடந்தது. பிறகு மாப்பிள்ளை அந்தப் பையனை நேரில் பார்த்தார். மேலும் கீழும் பார்த்தும் ஒரு கீறலும் அகப்படவில்லை. சரி என்றார். பையனின் அம்மாவும் சரி என்றாள். பையனின் அப்பாதான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றார். அடுத்த மாதம் கேட்டாலும் பாக்கலாம். அதற்கடுத்த மாதமும் பாக்கலாம். முடியாது என்கிறவனோடு சண்டை போடலாம். பாக்கலாம் என்கிறவனை என்ன செய்வது?

அவர் ஏர்ஃபோர்ஸில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பையனே ஒரு வழி சொல்லி அனுப்பினான். அப்பா மனிதர்களோடு பேசமாட்டார், ஆனால் சின்ன வயதில் தான் வேலை பார்த்த டகோட்டாவைப் பற்றிக் கேட்டால் நிறுத்தாமல் பேசுவார் என்றான். அதைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை அவருக்குப் போன் போட்டார். நாங்கள் மூன்று பெண்களும் சுற்றி நின்றோம். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"சார், குடும்பத்தோட ஒரு நாள் வீட்டுக்கு வரணும்."

"பாக்கலாம்."

"இல்ல சார், நீங்க டகோட்டால இருந்தீங்கன்னு கேள்விப்பட்டேன். நான்கூட ஒரு டகோட்டா மாடல் பண்ணிக்கிட்டிருக்கேன்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "எந்த ஸ்கேல்?"

ஸ்கேல் என்றால் என்னவென்று எனக்கும் தெரியாது, மாப்பிள்ளைக்கும் தெரியாது. "நல்ல ஸ்கேல்தான் சார்" என்றார்.

"முடிச்சுட்டுச் சொல்லுங்க. வந்து பாக்குறேன்."

போனை வைத்ததும் என் மகள் கேட்டாள்: "நம்ம வீட்டுல எங்கங்க இருக்கு டகோட்டா?"

"நாளைக்கு வாங்கிடறேன். வாங்கிட்டா அது பொய் இல்ல."

"செஞ்சதாவே வாங்கினு வந்துடுங்க மாப்ள" என்றேன். "கடையில கண்ணாடிப் பொட்டில நிக்குமே. அவரு வந்து இன்னா ஏறி உக்காந்தா பாக்கப் போறாரு."

"அது ஏமாத்து அத்தை."

"அப்ப போன்ல சொன்னது இன்னா, ஸ்தல புராணமா?"

பேத்தியின் முகத்தில் மட்டும் நிம்மதி தெரிந்தது. விமானம் முடிந்தால் அவர் வருவார், அவர் வந்தால் கல்யாணம் முடிவாகும். அவள் கணக்கு அவ்வளவுதான். அப்பனை அவள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

பெட்டி வந்தது. உள்ளே ஜன்னல் கம்பி மாதிரி சட்டங்களில் சாம்பல் நிறத் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. சாப்பாட்டு மேசையில் நியூஸ் பேப்பர் விரித்துப் பரப்பினார். அன்றிலிருந்து நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். ரசம் ஊற்றிக்கொண்டால் பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, மடி நனையும். வீட்டில் சிரிக்கும்படி நிறைய இருந்த காலத்தில் இப்படி ஒரு கட்டுப்பாடு.

ஒட்டுவார் என்று பார்த்தால் ஒட்டவில்லை. படிக்க ஆரம்பித்தார். கம்பெனியில் ஒரு பாகம் தவறினால் ஏன் எதற்கு என்று தோண்டுவார்களாம், அந்தப் புத்தி. உலகம் பூராவும் இப்படிப் பெண்டாட்டியிடம் திட்டு வாங்கும் ஆண்கள் போனில் குழுவாகக் கூடியிருக்கிறார்கள். அதில் சேர்ந்துகொண்டார். டகோட்டாவின் உள்பக்கம் என்ன பச்சை என்று அவர்களுக்குள் சண்டை. ஒருவன் இலைப் பச்சை என்கிறான், ஒருவன் மஞ்சள் கலந்தது என்கிறான், இன்னொருவன் நீங்கள் எல்லாம் முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுக் குழுவை விட்டே போய்விட்டான். அவன் ஒருவன்தான் புத்திசாலி. சண்டை ஓயவில்லை.

ஒரு நாள் வாசலில் கீரைக்காரி கூடையை இறக்கினாள். "மாப்ள, எல்லாப் பச்சையும் வந்துகீது, உங்குளுது எதுன்னு காட்டிட்டுப் போங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன். கிண்டலுக்குத்தான் சொன்னேன். அவர் நிஜமாகவே எழுந்து வந்தார். போனில் இருந்த படத்தைக் கூடைக்குப் பக்கத்தில் பிடித்து, அரைக்கீரை, சிறுகீரை, முருங்கைக்கீரை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"முருங்கைக்கீரை கிட்ட வருது அத்தை. ஆனா கொஞ்சம் காஞ்சது."

கீரைக்காரி என்னைப் பார்த்தாள். "சாருக்கு இன்னா ஒடம்புக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பொண்ணுக்குக் கல்யாணம் பண்றாரு" என்றேன்.

இத்தனைக்கும் அந்தப் பச்சை விமானத்தின் வயிற்றுக்குள் இருப்பது. உடம்பின் இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டிவிட்டால் எவர் கண்ணுக்கும் தெரியாது. "மூடிட்டா யாருக்குத் தெரியப் போவுது" என்றேன். எனக்குத் தெரியும் அத்தை என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சாமியார் களை வந்தது. எனக்குச் சாமியார்களைக் கண்டாலே ஆகாது.

உள்ளே சிப்பாய்கள் உட்கார இரண்டு பக்கமும் வரிசையாக இருக்கை. பெட்டியில் வந்த இருக்கை தடியாக இருக்கிறதாம், நிஜத்தில் தகரமாம். என் பிரஷர் மாத்திரை அட்டையின் வெள்ளித் தாளை உரித்து, ஒவ்வொன்றாக மடித்து இருக்கை செய்தார். அதற்கு அரிசி அகலம்கூட இல்லாத பெல்ட் வேறு. நான் மாத்திரை போட மறந்தால் முன்பு என் மகள்தான் கேட்பாள். இப்போது அவர் கேட்டார். "அத்தை, இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா? போட்டா அட்டையைக் குடுங்க." மருமகன் அக்கறை இப்படியும் வரும்.

அதன் பிறகு என் தலைக்கு வந்தார். விமானத்தின் முதுகில் ரேடியோவுக்கு ஒரு கம்பி ஓட வேண்டுமாம், நூல் தடிமனாக இருக்கிறதாம், மீன்பிடி நரம்பு பளபளக்கிறதாம். "உங்க நரைமுடி ஒண்ணு கெடைக்குமா அத்தை, கறுப்பு முடியைவிட மெலிசா இருக்கு." என் கல்யாணத்துக்குப் பிறகு என் முடியைப் புகழ்ந்த முதல் ஆள் அவர்தான். சீப்பில் இருந்ததைக் கொடுத்தேன். சிக்கு இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, நேராக ஒன்று வேண்டும் என்று நின்றார். தரம் பார்க்கிறவர் அல்லவா.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வெள்ளி நிறத்தில் அழகாகப் பெயிண்ட் அடித்து முடித்தார். அன்று நாங்கள் எல்லோரும் வந்து நின்று பார்த்தோம். என் மகள் கையைத் துடைத்துக்கொண்டு "அப்பாடா, முடிஞ்சுதா" என்றாள். "இனிமேதான் ஆரம்பம், இத அழுக்காக்கணும்" என்றார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். வாரம் பூராவும் கம்பெனியில் கீறல் விழுந்ததை ஒதுக்குகிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து ஊசியால் கீறல் போட்டார். ஆணி ஆணியாகப் புள்ளி குத்தினார். இறக்கையில் ஒரு நசுங்கல் வைத்தார். என் மகளின் கண் மையைத் தொட்டு இன்ஜினுக்குப் பின்னால் புகைக் கறை இழுத்தார். எங்கள் பக்கத்து ஏர்ஃபோர்ஸ் காம்பவுண்டு சுவர் ஓரத்து ரோட்டுப் புழுதியைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து, என் ரவை சல்லடையில் சலித்து, சக்கரத்துக்குப் பூசினார். எல்லோரும் வண்டியில் இருந்து புழுதியைத் துடைப்பார்கள். சலித்துப் பூசுகிறவரை நான் பெற்ற மகள் கட்டிக்கொண்டிருக்கிறாள். தலைக்கு மேலே அன்றாடம் நிஜ விமானம் போகிறது, வீட்டுப் பாத்திரமெல்லாம் அதிர்கிறது. அவர் ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அது இப்போதைய விமானமாம், அவருக்கு வேண்டாமாம்.

கடைசியில் வால் நம்பரில் வந்து நின்றது. பையன் தன் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த ஒரு பழைய போட்டோவைப் போனில் பிடித்து அனுப்பியிருந்தான். அவன் அப்பா மீசை அரும்பின வயதில் மூன்று பேரோடு டகோட்டாவுக்கு முன்னால் நிற்கிறார். வாலில் எழுதியிருக்கும் நம்பரின் கடைசி எழுத்தை ஒருவன் தலை மறைக்கிறது. எட்டா, மூன்றா, ஆறா என்று மாப்பிள்ளை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். குழுவில் கேட்டார். அவர்கள் தலைக்கு ஒரு நம்பர் சொன்னார்கள்.

"அந்த ஆளு தல கொஞ்சம் சாஞ்சு கீதே, எட்டிப் பாருங்க" என்றேன்.

அவர் போட்டோவைச் சாய்த்துப் பார்த்தார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு மத்தியானம் பேத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அவளும் இரண்டு பல்லை எடுத்துத் தோலோடு நசுக்கிக்கொண்டே இருந்தாள்.

"ஆயா, அவரோட பெரியம்மா அவருக்கு ஒரு பொண்ணு போட்டோ கொண்டாந்திருக்காங்களாம். அவங்க சர்ச்சுப் பொண்ணு."

"அவன் அப்பா இன்னா சொன்னாராம்?"

"பாக்கலாம்னு சொன்னாராம்."

எங்களுக்கும் பாக்கலாம், அவர்களுக்கும் பாக்கலாம். எந்தப் பாக்கலாம் முதலில் பழுக்கும் என்று யாருக்குத் தெரியும்? "உங்கப்பன் கைல சொன்னியா?"

"சொன்னேன். கேட்டுட்டு, வால் நம்பர் மட்டும்தான் பாக்கின்னாரு." அவள் கண் கலங்கியிருந்தது. பூண்டு என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. "அவரு எனக்காகத்தான் ஆரம்பிச்சாரு ஆயா. இப்ப எனக்காகப் பண்ற மாதிரி தெரியலை."

படித்த பெண், நல்ல வேலையில் இருக்கிற பெண், ஒரு பிளாஸ்டிக் வாலுக்குப் பின்னால் கியூவில் நிற்கிறாள். நான் அவள் போனையே வாங்கினேன். அந்தப் பையனின் அப்பா நம்பரைப் போடச் சொன்னேன்.

"சார், நான் பொண்ணோட ஆயா பேசறேன். உங்க ஏரோப்ளேன் ரெடியாயிடுச்சு."

"முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சு நின்னுகினு கீது. ஞாயித்துக்கிழம வந்துடுங்க. லேட்டானா பழசாயிடும்."

"அது பழைய விமானம்தானேம்மா."

"அதான் சார், இன்னும் பழசாயிடும்."

அந்தப் பக்கம் ஒரு சின்னச் செருமல். அது சிரிப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது. "சர்ச்சு முடிஞ்சு சாப்பிட்டுட்டு வரேன்" என்றார். பாக்கலாம் என்று சொல்லவில்லை. பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள், பூண்டு நாற்றத்தையும் பார்க்காமல்.

மாப்பிள்ளையிடம் சொன்னபோது அவர் முகம் வெளுத்தது. "அத்தை, நம்பர் இன்னும் முடிவாகலையே."

"அதான் சலிச்ச புழுதி கீதே. அது மேல கொஞ்சம் அப்பிடுங்க."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் புழுதியைத்தான் அப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நாலரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும், அதற்கு முன்னால் அவர்கள் உள்ளே வந்துவிட வேண்டும் என்று என் மகள் காலையில் இருந்து கடிகாரத்தோடு சண்டை. கேசரி கிண்டியாயிற்று, வடை போட்டாயிற்று. மேசையில் புதுத் துணி விரித்து அதன் மேல் விமானத்தை நிறுத்தியிருந்தார் மாப்பிள்ளை. மூக்கைத் தூக்கிக்கொண்டு, வாலைத் தரையில் ஊன்றி நின்றது. அது அப்படித்தான் நிற்குமாம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அழுக்குக் குழந்தை மாதிரி ஒரு அழகு. அதை நான் அவரிடம் சொல்லவில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை.

அவர் குளிக்கப் போனார். என் மகள் பூஜை அலமாரியில் இருந்து தட்டோடு வந்தாள். சந்தனம், குங்குமம், கற்பூரம், இரண்டு எலுமிச்சம்பழம்.

"இன்னாடி இது?"

"புது வண்டி வீட்டுக்கு வந்திருக்கு, இத்தனை நாளா ஒரு பூஜையும் போடலம்மா. நல்ல காரியம் பேசற நாளு. அதான் எல்லாம் இழுத்துக்கிட்டே போவுதோன்னு தோணுச்சு."

அவள் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. எங்கள் வீட்டில் சைக்கிள் வாங்கினாலும் பூஜை போடாமல் ஓட்டியதில்லை, கிரைண்டருக்கே பொட்டு உண்டு. இத்தனை மாதம் அந்தச் சனியனைச் சுற்றித் துடைத்து, அதன் மேல் தூசு விழாமல் ஃபேனைக்கூடக் குறைத்து வைத்தவள், கடைசியில் அதையும் வீட்டுச் சாமானாகச் சேர்த்துக்கொண்டாள். தடுக்க எனக்கு மனசு வரவில்லை. "எலுமிச்சம்பழம் பெருசா கீது, சின்னதா எடு" என்று மட்டும் சொன்னேன்.

சின்னதாக வீட்டில் இல்லை. விமானத்தின் சக்கரம் அந்தப் பழத்தில் பாதிகூட இருக்காது. அவள் இரண்டு பக்கத்து இன்ஜின் விசிறியிலும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தாள். கற்பூரம் காட்டினாள். பிறகு இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொரு பழத்தை வைத்து, கண்ணை மூடிச் சாமியைக் கும்பிட்டு, காருக்குச் செய்கிற மாதிரியே பின்னால் இருந்து ஒரு தள்ளு தள்ளினாள். பழம் நசுங்கவில்லை. இடது பக்கத்துச் சக்கரக் கால் மளுக்கென்று முறிந்தது. விமானம் குடிகாரன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

தலையைத் துவட்டிக்கொண்டே மாப்பிள்ளை வெளியே வந்தார். பார்த்தார். தோளில் துண்டோடு அப்படியே நின்றார். மகள் தட்டைக் கீழே வைக்கவும் மறந்து, "நான்… நல்லதுக்குத்தாங்க…" என்றாள். அதே நேரத்தில் வாசலில் கார் ஹாரன் அடித்தது.

ஒட்ட நேரமில்லை. மாப்பிள்ளை ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து முறிந்த பக்கத்து இன்ஜினுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். விமானம் நேராக நின்றது. குங்குமத்தைத் துடைக்கப் போனார். ஈரச் சந்தனம் வெள்ளிப் பெயிண்டில் ஈஷிக்கொண்டது. கையை எடுத்துவிட்டார்.

பையனின் அப்பா வந்தார். ஒல்லியான மனிதர், கஞ்சி போட்ட சட்டை, வெட்டின மீசை. பின்னால் அவர் மனைவி, அவளுக்குப் பின்னால் பையன். வணக்கம் சொன்னோம். அவர் பாதி வணக்கத்திலேயே மேசையைப் பார்த்துவிட்டார். நேராக அங்கே போனார். செருப்பைக் கழற்றினாரா என்றுகூட எனக்கு நினைவில்லை. சட்டைப் பையில் இருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

சாமி கும்பிடுகிற விஷயம்தான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த ஒரே முள். அந்த முள்ளையே தேய்த்துக் குங்குமமாக விசிறியில் வைத்து முன்னால் நிறுத்தியிருந்தோம். என் மகள் சுவரோடு சுவராக நின்றாள். பேத்தி காபித் தட்டோடு சமையல்கட்டு வாசலில் நின்றாள்.

"யாரு வெச்சது இது?" என்று அவர் விசிறியைக் காட்டிக் கேட்டார்.

என் மகள், "நான்தாங்க. புது வண்டின்னு…" என்றாள்.

"எடம் தப்பும்மா."

"எங்க?"

"ப்ரொப்பெல்லர்ல வைக்கக் கூடாது. சுத்தும்போது அவ்ளோவும் கண்ணாடியில தெறிக்கும். எங்க சார்ஜென்ட் பாத்தாருன்னா அன்னிக்கு நம்மளத் தொலைச்சாரு. மூக்குல, இதோ இங்க வெப்போம். ஆயுத பூஜைக்கு ஹாங்கர் ஷெட்டுல வரிசையா எல்லாத்துக்கும் வெப்போம். அப்புறம் பொரி, கடலை."

"சர்ச்சுக்குக் கெளம்பறதுக்கே முனகுவாரு" என்று அவர் மனைவி சோபாவில் உட்கார்ந்துகொண்டே சொன்னாள். "பொரின்னா ஓடுவாரு. இப்பவும் அந்த மாசம் வந்தா வாங்கியாரச் சொல்லுவாரு."

என் மகளுக்கு உயிர் வந்தது. மாப்பிள்ளை மட்டும் பாவம், தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இத்தனை மாதம் படித்துப் படித்துச் சேர்த்ததில் பொட்டு வைக்கிற இடம் மட்டும் விட்டுப்போயிருக்கிறது. அந்தக் கவலை அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"சார், அந்த வால் நம்பர்" என்று ஆரம்பித்தார். "உங்க போட்டோல கடைசி எழுத்தை ஒருத்தர் தலை மறைக்குது. எட்டா, மூணா?"

"எந்த நம்பர்?"

"நீங்க வேலை செஞ்ச ஏர்கிராஃப்ட் நம்பர் சார்."

"அது யாருக்குத் தெரியும்? போட்டோ எடுக்க ஆள் வந்தான். எது வெளிய நின்னுச்சோ அதுக்கு முன்னாடி நின்னோம்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பூதக்கண்ணாடி, குழு, சண்டை, புழுதி, எல்லாம் கண் முன்னால் ஓடியது. மாப்பிள்ளை நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. உள்பக்கத்துப் பச்சையைக் கேட்டார். கதவு வழியாக டார்ச் அடித்துக் காட்டினார். வந்தவர் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் மஞ்சளா இருக்கணும்" என்றார். அப்புறம், "இல்ல, சரியாத்தான் இருக்கு" என்றார். அப்புறம், "ஒண்ணு ஒண்ணு ஒவ்வொரு மாதிரி இருக்கும்" என்றார். இரண்டு பேரும் பொம்மையைச் சுற்றிக் குனிந்து, ஒருவர் பின்னால் ஒருவர் மேசையை வலம் வந்தார்கள். கல்யாணம் பேச வந்த இடம் இது என்று இருவரில் ஒருவருக்கும் ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. காபியில் ஏடு படிந்தது.

"சார், பொண்ணு ரொம்ப நேரமா நிக்குது" என்றேன்.

"உக்காரச் சொல்லுங்கம்மா" என்றார், திரும்பாமல். அவர் பார்வை எலுமிச்சம்பழத்தில் இருந்தது. "இது இன்னா முட்டு?"

மாப்பிள்ளை நடந்ததைச் சொன்னார். சொல்லும்போது என் மகள் பக்கம் பார்க்கவில்லை, அந்த அளவுக்கு நல்ல மனுஷன்தான். வந்தவர் பழத்தை மெல்ல உருவினார், விமானத்தைக் கையில் வாங்கி மல்லாத்தினார். பிறந்த குழந்தையை வாங்குகிற மாதிரிதான் வாங்கினார். முறிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"உள்ள கம்பி வெக்காம ஒட்டினா மறுபடி போயிடும். சன்னமா ஒரு குண்டூசிய வெட்டி உள்ள சொருவணும். என்கிட்ட கைத்துளைப்பான் இருக்கு. நான் எடுத்துனு போறேன். கல்யாணத்துக்குள்ள பண்ணிக் குடுத்துடறேன்."

"எந்தக் கல்யாணத்துக்குள்ள?" என்று அவர் மனைவி கேட்டாள்.

"இதுங்க கல்யாணத்துக்குத்தான். வேற எது?" என்றார் அவர், சக்கரத்தை விரலால் சுற்றிக்கொண்டே. "டிசம்பர்ல வேணாம், கிறிஸ்துமஸ் வேலையில சர்ச்சு ஆளுங்க வர மாட்டாங்க. ரெஜிஸ்டர் பண்ணிட்டு ரெண்டு பக்கமும் சாப்பாடு போட்டுடலாம்."

என் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த அம்மாள் எழுந்து போய்ப் பேத்தியின் கையில் இருந்த தட்டை வாங்கிக்கொண்டாள். பையன் சுவரைப் பார்த்துச் சிரித்தான். மாப்பிள்ளை மட்டும் அசையாமல் நின்றார். பெண்ணின் கல்யாணம் நிச்சயமானது அவர் காதில் விழுந்ததா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். அவர் கேட்டது இதுதான்:

"எடுத்துட்டுப் போறீங்களா சார்?"

"ஏன்?"

"இல்ல… நானே பண்ணிடறேன் சார். குண்டூசி வெச்சு. நான் பாத்துப் பண்ணிடறேன்."

அவருக்குப் பெண்ணை அனுப்ப மனசு வந்துவிட்டது. விமானத்தை அனுப்ப வரவில்லை.

"மாப்ள, குடுத்துடுங்க" என்றேன். "உங்க கையில வுட்டா, காலு ஒட்டறதுக்குள்ள இவளுக்குக் கொழந்த பொறந்து நடக்க ஆரம்பிச்சுடும்."

வந்தவர் செருமினார். அதுதான் அவர் சிரிப்பு என்று இப்போது புரிந்தது.

கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை. என் மகளின் புதுப் புடவை வந்த அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து, உள்ளே பஞ்சு வைத்து, இறக்கைக்கு அணைப்பு வைத்து, மூடி, காற்றுக்குத் துளை போட்டார். எதற்குத் துளை என்று நான் கேட்கவில்லை. இரண்டு ஆண்களும் பெட்டியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்கள். "குறுக்கு ரோடு வேணாம் சார், பள்ளமா கீது, மேடவாக்கம் வழியா மெதுவா" என்று மாப்பிள்ளை சொல்வது கேட்டது. அந்த அவசரத்தில் அவர் பேச்சே மாறிவிட்டது. கார் கதவைத் திறந்து மூடித் திறந்து, பெட்டியைச் சீட்டில் வைத்து, அதற்கு பெல்ட் போட்டார்கள். பையனின் அம்மா முன்னால் உட்காருவதா பின்னால் உட்காருவதா என்று தெரியாமல் தெருவில் நின்றாள்.

உள்ளே பேத்தியும் பையனும் மேசைக்கு எதிரெதிர்ப் பக்கம் உட்கார்ந்து, ஆறிப்போன காபியை ஏடோடு குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் கவனிக்கவில்லை. நானும் வடைத் தட்டை எடுத்துக்கொண்டு வாசல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.